இருநூற்றுப் பதின்மூன்றாவது சோதனை

கணினி நிரல்களைத் தானாகவே தொகுத்துத் தரும் கருவி ஒன்றை, லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ப்பதற்கான பேக்கேஜாக அவள் தயாரித்துக்கொண்டிருந்தாள். மாலை ஐந்துக்குள் ஏற்றாவிட்டால் புதிய பதிப்பில் இடம் கிடைக்காது; ஆறு மாத உழைப்பு வீண். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதோடு வந்தவை 212 சோதனைகள். ஓட்டினால் 213 என்று காட்டியது. அந்தக் கடைசிச் சோதனை ஒவ்வொரு முறையும் தோற்றது.

கருவியை எழுதியவரை அழைத்தாள்.

"நான் எழுதினது இருநூத்திப் பன்னெண்டுதான்மா."

"அப்ப இது எங்கேர்ந்து சார் வந்துச்சு? காலையிலேர்ந்து தேடித் தேடி மண்டை காயுது!"

ஆத்திரத்தில் சோதனைக் கோப்புகள் அத்தனையையும் நீக்கிவிட்டு ஓட்டினாள். அப்போதும் ஒரு சோதனை நடந்து, தோற்றது. காரணம்: 'யாராவது இருக்கிறீர்களா? நாற்பது விநாடி காத்தும் பதில் இல்லை.'

கோப்புகளைத் திரும்ப வைத்து ஓட்டினாள். கடைசிச் சோதனையில் திரை நின்றது.

"இருக்கேன், சொல்லித் தொலை!" என்று கத்தினாள்.

213-உம் தேறின.

"யார்கிட்ட கத்துறே?" என்றான் பக்கத்து அறையிலிருந்து கணவன். அவளுடைய கணினியில் மைக் கிடையாது.

பேக்கேஜை ஏற்றினாள். ஏழு சர்வர்கள் அதை மறுபடி சோதித்தன. ஏழும் ஆளில்லாத, பூட்டிய அறைகளில் இருப்பவை. ஐந்து மணிக்கு அறிக்கை வந்தது. ஏழிலும் 213 தேறியிருந்தன. கடைசிச் சோதனைக்குப் பதில் வர எங்குமே ஒரு விநாடிகூட ஆகவில்லை.