உள்ளேன் ஐயா!

"டேய், லீடர் வந்தாச்சு! எல்லாரும் அவங்கவங்க பழைய இடத்துல போய் உட்காருங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறான்!"

கத்தியவன் ஒட்டகம். பல் டாக்டராகி இருபது வருடமாகியும் அந்தப் பட்டப்பெயர் அவனை விடவில்லை. முப்பது வருடம் கழித்து, அதே பத்தாம் வகுப்பு அறையில், எல்லாரையும் அலைந்து திரிந்து ஒன்று சேர்த்தவனும் அவன்தான்.

லீடருக்கு உச்சி குளிர்ந்தது. ஆபீசில் இருபது பேர் 'சார், சார்' என்று பின்னாலேயே வருகிறார்கள். என்ன இருந்தாலும் 'லீடர்' என்று கேட்கிற சுகம் வருமா? இந்த ஒரு நாளுக்காகத் தலைக்குச் சாயம்கூடப் பூசி வந்திருந்தார். உள்ளே நுழையுமுன் வராந்தாவில் மாட்டியிருந்த மரப்பலகையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். வருடாவருடம் முதல் மார்க் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் அது. அவர்கள் வருடத்துக்கு நேராக அவர் பெயர் பளிச்சென்று இருந்தது.

"பலகையை ரொம்பப் பார்க்காதே லீடர்! பூனை மட்டும் பரீட்சை எழுதியிருந்தான்னா, அங்க அவன் பேருதான் இருக்கும்" என்றாள் ரேடியோ. அன்றைக்கும் அவள் வாய் ஓயாது, இன்றைக்கும் ஓயவில்லை. "எப்பவும் அவன் ஃபர்ஸ்ட், நீ செகண்ட். பாவம்டா அவன்."

லீடரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் என்னடி பண்றது? அவன் உட்கார்றது கடைசி பெஞ்சு. குரலோ கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி. தலைக்கு மேல இந்த ஓட்டை ஃபேன் வேற. 'உள்ளேன் ஐயா'ன்னு அவன் சொல்றது என் காதுல விழவே விழாது. வாத்தியாருக்கோ கண்ணு சரியில்ல, ரெஜிஸ்டரைத் தூக்கி என் கையில குடுத்துட்டாரு. கேட்கலைன்னா ஆப்சென்ட்தானே போட முடியும்?"

"வருஷம் முழுக்கப் போட்டியேடா மகராசா!" என்றான் ஒட்டகம். "அட்டெண்டன்ஸ் பத்தலைன்னு பரீட்சை எழுத விடாம அவன் பேரையே அடிச்சுட்டாங்க. இதோ, இந்த வாசப்படியில நின்னுதான் அழுதான்."

"விடுங்கப்பா, பழங்கதையை." லீடர் அவசரமாகப் பேச்சை வெட்டினார். "அவனை... இன்னிக்குக் கூப்பிட்டியா?"

"எங்கேன்னு தேடுறது? இருக்கானான்னே யாருக்கும் தெரியல."

"இருக்கேன்."

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி பெஞ்சில் பூனை உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை. எப்போது வந்தான், எந்தப் பக்கமாக வந்தான், யாரும் பார்க்கவில்லை. மடியில் பழுப்பேறிய ரெஜிஸ்டர் ஒன்று இருந்தது.

"அடப்பாவி! நம்ம ரெஜிஸ்டராடா அது? கரையான் தின்னுடுச்சுன்னு ஸ்கூல் ஆபீஸ்ல கையை விரிச்சாங்களே!" என்றான் ஒட்டகம்.

பூனை எழுந்தான். நேராக நடந்து வந்து வாத்தியார் மேஜைக்குப் பின்னால் நின்றான்.

"இன்னிக்கு ஒரு தடவை நான் எடுக்கட்டுமா லீடர்?"

"எடுடா, எடுடா!" என்று வகுப்பே ஆரவாரம் செய்தது. இதில் லீடர் என்னத்தைச் சொல்வது? போய் முதல் பெஞ்சில், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு."

"உள்ளேன் ஐயா!"

"ரெண்டு."

அதே மெல்லிய குரல்தான். மின்விசிறியும் அன்றுபோலவே கடகடவென்று சுற்றியது. ஆனால் அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்துப் பேசுவதுபோலக் கேட்டது.

"பதினாறு."

"உள்ளேன் ஐயா!" ஒட்டகம் எழுந்து சல்யூட் அடித்தான். ஒரே சிரிப்பு.

"பதினேழு."

"உள்ளேன் ஐயா!" என்றார் லீடர் உரக்க.

பூனை நிமிர்ந்து பார்த்தான். "பதினேழு?"

"இங்கதானேடா இருக்கேன், குத்துக்கல்லாட்டம்!"

யாரும் சிரிக்கவில்லை. பூனை சிவப்பு மையில் ஏதோ போட்டான்.

"ஆப்சென்ட்."

"டேய், விளையாடாதே!" லீடர் எழுந்து ஒட்டகத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீயாவது சொல்லேன்டா!"

ஒட்டகம் தோளைத் தேய்த்துக்கொண்டான். "எங்கேருந்து வருது இந்தக் குளிர் காத்து? ரேடியோ, அந்த ஜன்னலைச் சாத்தேன்."

ரேடியோ எழுந்து வந்து, கையிலிருந்த பையை லீடர் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

"ஆமா, பதினேழு யாருடி?" என்றான் ஒட்டகம்.

"அப்படி ஒருத்தர் இருந்த ஞாபகமே இல்லியே!"

லீடர் வராந்தாவுக்கு ஓடினார். பலகையில் மற்ற வருடங்களும் பெயர்களும் அப்படி அப்படியே இருந்தன. அவர்கள் வருடத்துக்கு நேராக மட்டும் வெறும் மரம். பெயரைத் தடவித் தேடினார். கூப்பாடு போட்டார். உள்ளே "பதினெட்டு... பத்தொன்பது..." என்று எண்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் அழுதுகொண்டே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி எண்ணும் முடிந்தது. ரெஜிஸ்டரை மூடிக்கொண்டு பூனை வெளியே வந்தான்.

"நான் கத்துறது யாருக்குமே கேட்கலடா..." லீடர் எட்டி அவன் கையைப் பிடித்தார். "உனக்காவது கேட்டுச்சா?"

"ஒவ்வொண்ணும் கேட்டுச்சு லீடர்" என்றான் பூனை. "அன்னிக்கு நான் சொன்னது ஒவ்வொண்ணும் உனக்குக் கேட்டுச்சே, அதே மாதிரி."