சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

“டிவி சத்தத்தைக் குறைங்க. கடைத்தெருவுல சுடுறாங்களாம். பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான்.”

“ரிமோட் வேலை செய்யல. பக்கத்து வீட்டுக்காரன் அவன் கட்சி சேனலை அலற விடுறானே, அவனைப் போய்க் கேளு.”

திரையில் செய்தி ஓடியது: ‘கலவரக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஒருவன் பலி.’

“நம்ம கட்சி சேனல் பொய் சொல்லாது. இன்னும் நாலு பேரைச் சுட்டாத்தான் அடங்குவானுங்க.”

அடுத்து, செத்தவனின் படத்தைக் காட்டினார்கள். அவர்கள் மகன்.

சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி அவன் பெயரைச் சொல்லி முழங்கியது: “எங்கள் கட்சித் தொண்டர் வீரமரணம்!”

அவள் ரிமோட்டை எடுத்து அவர் மடியில் எறிந்தாள்.

“ரெண்டு சேனலும் புளுகுது. நீங்களாவது போய்ச் சொல்லுங்க. இதுக்கு பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லி அவனை அனுப்புனது நீங்கதானே?”