வேம்புவுக்கு என்ன நோவு?

"இன்னிக்கு எங்க வலிக்குது? தலையா, முட்டியா?"

டோக்கனை நீட்டியபடியே நர்ஸ் ஜெர்லின் கேட்டாள். எரிச்சலை அவள் மறைக்கவும் இல்லை.

"நெஞ்சாண்ட சுருக்குனு இருக்கு சிஸ்டர்," என்றாள் வேம்பு.

ஐம்பது வயது தாண்டிய வேம்பு, அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, செவ்வாய் தவறாமல் முதலியார்பேட்டையில் இருக்கும் இந்தக் கிளினிக்குக்கு வந்துவிடுவாள். போன வாரம் முட்டி. அதற்கு முந்தின வாரம் கிறுகிறுப்பு. எந்த டெஸ்ட் எடுத்தாலும் நார்மல்.

உள்ளே போனால் அரை மணி நேரம். வெளியே காய்ச்சல் கண்ட குழந்தைகள் சிணுங்கிக்கொண்டிருக்க, டாக்டர் நெடுமாறன் அவளோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம்தான் என்றாலும், ஜெர்லினால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வேம்பு வெளியே வந்ததும் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"சார், அந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா வர்றாங்க. இனிமே வராதீங்கன்னு நானே சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம் ஜெர்லின்!" டாக்டர் பதறிவிட்டார். "போன வருஷம் அவங்க ஒரே பையனக் காய்ச்சல்னு கூட்டிட்டு வந்தாங்க. சாதாரணக் காய்ச்சல்தான்னு மாத்திர குடுத்து அனுப்பிட்டேன். டெங்கு. மூணாம் நாள் போய்ட்டான். நான்தான் கவனிச்சிருக்கணும்." அவர் குரல் உடைந்தது. "அவங்களுக்கு வேற யாரு இருக்கா? இங்க வந்து பேசியாவது மனசு ஆறட்டும்."

எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்திருக்கிறாள்! ஜெர்லின் வெளியே ஓடினாள். நல்லவேளை, வேம்பு பஸ்ஸுக்குக் காத்து நின்றிருந்தாள்.

"அம்மா, மன்னிச்சுடுங்க. எனக்கு விஷயமே தெரியாது. நீங்க எப்ப வேணா வாங்க. டாக்டர்கிட்ட பேசுனா உங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

"எனக்கா?" வேம்புவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இந்த வாசப்படி ஏறவே எனக்குக் காலு வரல கண்ணு. ஏறும்போதெல்லாம் எம்புள்ளயக் கூட்டியாந்ததுதான் ஞாபகம் வருது. ஆனா அவன் போன அன்னிக்கு அந்த டாக்டரு என் காலப் புடிச்சிக்கினு அப்டி அழுதாரு. நான் வராம நின்னுட்டா, இன்னும் மன்னிக்கலன்னு நெனச்சி மனுசன் உள்ளுக்குள்ளயே செத்துடுவாரு. அதான் வாராவாரம் ஏதாவது ஒரு நோவச் சொல்லிக்கினு வந்து, அவரப் பாத்துட்டுப் போறேன்."