குடை எடுக்காத நாள்

"குடையை எடுத்துக்கிட்டுப் போங்க!"

"வானத்துல மேகமே இல்ல. இடியெல்லாம் உன் வாயிலதான்."

"நனைஞ்சு வந்தா நான் துவட்டிவிட மாட்டேன்."

"உன்னை விட்டா எனக்கு யாரு?" சிரித்தபடியே கணவன் படி இறங்கினான்.

பியானோ நின்றது. இசைக் கல்லூரி மாணவர்கள் எழுதிய பத்து நிமிட ஓபரா இசை நாடகங்களுக்கு அன்று முதல் ஒத்திகை.

கணவனாகப் பாடிய இளைஞன், கடைசி வரிசையில் இருந்த நரைத்த தலை அம்மாவிடம் வந்தான்.

"உங்க பிள்ளை எழுதினதாம்மா? முடிவுல அந்தக் கணவரைத் திரும்பி வரவைக்கச் சொல்லுங்களேன்."

"எழுதினது நான்தான் தம்பி. முதல் வருஷ மாணவி."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்போ நீங்களே மாத்திடலாமே?"

"அன்னிக்கு அவர் திரும்பி வரலப்பா. நீ சிரிப்பை மட்டும் சட்டுனு நிறுத்தாதே. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

மறுபடி பாடியபோது அவன் சிரிப்பு அரங்கத்து வாசலைத் தாண்டியது. அம்மாவும் சிரித்தார்.

குடை இன்னும் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.