புதன்கிழமைத் துணை

"அடுத்த புதன்லேர்ந்து நீங்க யாருகிட்டக்கா பேசுவீங்க?"

சிவப்ரியா கேட்டாள். காசியம்மா சிரித்தபடி அவள் சோற்றில் இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினாள்.

சமூகப்பணி படிக்கும் சிவப்ரியா, சேலத்திலிருந்து வந்து தலத்தெருவில் அறை எடுத்திருந்தாள். களப்பணிக்குக் கிடைத்தது கிளிஞ்சல்மேட்டுச் சுனாமிக் குடியிருப்பு. நவீன வாழ்க்கை மனிதர்களை உறவிலிருந்து பிடுங்கித் தனித்தனியாக நட்டுவிடுகிறது என்று அவள் படித்த சமூகவியல் சொன்னது. இங்கே அதைக் கண்ணாலேயே பார்த்தாள். குலுக்கலில் விழுந்த கான்கிரீட் வீடுகள், வரிசையாகப் பூட்டிய கதவுகள். திறந்திருந்த ஒரே வீட்டில், புருஷனை அலைக்குக் கொடுத்த காசியம்மா ஒற்றையாய்ச் சுருண்டு கிடந்தாள்.

இவளைத் தனிமையிலிருந்து மீட்டே தீருவது என்று சிவப்ரியா அன்றே முடிவெடுத்தாள். எதிராளி மனம் திறக்க வேண்டுமானால் முதலில் நாம் திறக்க வேண்டும் என்பது வகுப்புப் பாடம். அதனால் புதன்தோறும் வந்து தன் கதையைச் சொன்னாள். இறந்துபோன அம்மா, மறுகல்யாணம் செய்துகொண்ட அப்பா, பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகள். காசியம்மா கேட்டுக்கொண்டே தலை பின்னிவிடுவாள். தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

இன்றோடு களப்பணி முடிந்தது. "என் களப்பணி நல்லபடியா முடிஞ்சதே உங்களாலதான்க்கா" என்று ஒரு புடவையைக் கொடுத்தாள். காசியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில், காசியம்மாவின் அடுத்த வீட்டுச் செல்லக்கண்ணு மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு இறங்கினாள். சிவப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காசியம்மாக்கா பாவம், தனியா கெடக்குறாங்க. புதன்கிழமை மட்டுமாவது கொஞ்ச நேரம் போய் உக்காருங்கக்கா."

"அவளா தனியா கெடக்குறா? தெனம் எங்ககூட மீன் விக்க வர்றவ. காய்ச்சல்னு ஒருநாள் வீட்ல கெடந்தா, அன்னைக்குப் பாத்து நீ வந்தே" என்ற செல்லக்கண்ணு, கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தாயில்லாப் புள்ள, பேச ஆளில்லாம அலையுதுன்னு அவதான் சொன்னா. அதான் தெருவே கூடிப் பேசி, புதன்கிழமை அவ மீனையும் நாங்களே வித்துக் குடுத்துட்டு, உனக்குத் தொணையா அவளை வீட்ல விட்டுட்டுப் போறோம்."