ரேடியோவுக்கு ஒரு தோசைக்கல்

"ரேடியோ ரிப்பேர்க்காரர்னுதானே தரகர் சொன்னாரு? எங்க, இந்த இரைச்சலை நிறுத்துங்க பாப்போம். நின்னுட்டா இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்" என்றார் பெண்ணின் அப்பா சபாபதி.

கனகராஜ் வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே வைத்தான். ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்குப் பெண் பார்க்க வந்தவனுக்கு இப்படி ஒரு பரீட்சையா? ஆனால் செல்வராணியைப் பார்த்தாயிற்று. இனி வெறுங்கையோடு ரயிலேற மனம் வராது.

மலாயாவில் ஊருக்கு நாலைந்து வீடுகளில்தான் ரேடியோ இருந்த 1938ஆம் வருடம் அது. சிங்கப்பூரில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு மேலே 'ங்ங்ங்' என்று ஓர் உறுமல்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"பத்து நாளா. போன வாரம் வந்த மாப்பிள்ளையும் ரேடியோக்காரர்னுதான் சொன்னாங்க. பெட்டியை ரெண்டு தட்டு தட்டிட்டுக் கிளம்பிட்டாரு லா!"

கனகராஜ் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கனத்த டிரான்ஸ்பார்மர், ரேடியோவை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. அதன் காந்தம்தான் உள்ளே புகுந்து உறுமுகிறது. தள்ளி வைக்கப் பார்த்தான். இரண்டையும் இணைக்கும் கம்பி ஒரு சாண்கூட இல்லை.

"எலி கடிச்சிருச்சுன்னு செல்வராணிதான் வெட்டி மாட்டினா. வீட்டுல வேற கம்பியும் இல்லீங்களே" என்றார் சபாபதி.

"அப்ப நடுவுல ஒரு தடுப்பு வச்சாப் போதும். கனமா ஏதாவது இரும்பு குடுங்க."

அவன் அம்மா பேச்சியம்மாள் பதறிவிட்டாள். "பொண்ணு பாக்க வந்த வீட்டுல இரும்பு கேக்குறியே! நல்ல காரியம்டா!"

சபாபதியும் அதை ஒப்புக்கொண்டு, பளபளவென்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். நடுவில் வைத்துப் பார்த்தார்கள். உறுமல் துளியும் குறையவில்லை.

"பித்தளை இந்தக் காந்தத்தைத் தடுக்காதும்மா. இரும்புதான் வேணும். அபசகுனம்னா அது என் தலையோட போகட்டும்!"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. போச்சு, சம்பந்தம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தான்.

உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம். பட்டுச் சேலையில் வந்த செல்வராணி, தோசைக்கல்லை இரண்டு கைகளாலும் ஏந்தி அவனிடம் நீட்டினாள். பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கனகராஜ் ரேடியோவை அணைத்தான். கல்லை நிமிர்த்தி நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி திருகினான். பெட்டி மெல்லச் சூடேறியது. பாட்டு வந்தது. பாட்டு மட்டும்!

"அலமாக்!" சபாபதி அவனைக் கட்டிக்கொண்டார். "சம்பந்தியம்மா, இரும்புதான் நம்மள சேத்து வச்சிருக்கு. எடுங்க தட்டை!"

பேச்சியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கனகராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

காபி கொடுக்கக் குனிந்த செல்வராணி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தரகர் சொன்னா அப்படியே நம்பிடுறதா? எலியெல்லாம் கடிக்கலைங்க. மிச்சக் கம்பி அரிசிப் பானைக்குள்ள பத்திரமா இருக்கு."