டப்பாவுக்குள் ஒரு மேஸ்திரி

"மூணையும் ஒரே டப்பாவுல அடைச்சு வச்சிருக்கியேம்மா, உனக்கே நல்லா இருக்கா?"

இளஞ்செழியன் போட்ட சத்தத்தில் கீழே உரக்கடையில் நின்றவர்கள் கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

மணிமொழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கு சார்."

கள்ளக்குறிச்சியில் அந்தக் கடையின் மாடியில்தான் இளஞ்செழியனின் கம்பெனி. கல்வராயன் மலையில் யாராவது போன் செய்தால் கிட்டத்தில் இருக்கிற ஜீப்பை அனுப்பி வைப்பது அதன் வேலை. அவனைத் தவிர இரண்டே பேர், மணிமொழியும் அமிர்தமும். போனை வாங்குகிற ப்ரோகிராம் மணிமொழி எழுதியது. ஜீப்பைத் தேடுவது இளஞ்செழியன் எழுதியது. டிரைவருக்குச் செய்தி அனுப்புவது அமிர்தம் எழுதியது.

ப்ரோகிராமை அதற்கு வேண்டிய சாமான்களோடு கன்டெய்னர் என்கிற டப்பாவில் அடைத்துத்தான் சர்வரில் ஏற்றுவார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு ப்ரோகிராம் என்பது இளஞ்செழியன் போட்ட சட்டம். திரையில் இருக்கிற போர்டில் டப்பாவுக்கு ஒரு விளக்கு; ஓடினால் பச்சை, நின்றுபோனால் சிவப்பு.

மணிமொழி மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தாள். அவற்றை மேய்க்க ஒரு ப்ராசஸ் மேனேஜரையும் உள்ளே வைத்திருந்தாள். எந்த ப்ரோகிராம் பாதியில் நின்று விழுந்தாலும் அது உடனே தூக்கி நிறுத்திவிடும். அதற்கு அவள் வைத்த பேர் மேஸ்திரி.

"உள்ள எது செத்து எது பொழைக்குதுன்னு வெளிய இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? போர்டுல எப்பப் பார்த்தாலும் பச்சை. உன் மேஸ்திரி பூசி மெழுவிக்கினு இருக்கான்."

"மலைக்கு ஜீப் போவுதா இல்லையா சார்?"

"போவுது."

"அப்புறம் இன்னா?"

இளஞ்செழியனின் பார்வை மூலை மேசைக்குப் போனது. அமிர்தம் கருணாபுரத்துக்காரி. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், நாற்பதை நெருங்கும்போது கம்ப்யூட்டர் படித்து வந்து சேர்ந்தாள். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள்.

"எனக்குப் புரியாமப் போவலம்மா. அவங்க எழுதுனது அடிக்கடி வுழுது. அத மறைக்கத்தான் இந்த வேலை."

அமிர்தம் தன் திரையைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் எழுதுனதா இருந்தா இன்னா சார்? நான் பிரிக்க மாட்டேன்."

"உன் வேலை போவும்."

"போவட்டும். சின்னசேலத்துல ரயில் ஏறுனா சேலம். அங்க கம்ப்யூட்டரா இல்ல?"

இவ்வளவு திமிரா என்று இளஞ்செழியனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நானே பிரிக்கிறேன். மேஸ்திரியையும் தூக்கிடறேன். மூணு டப்பா, மூணு விளக்கு. எது வுழுதோ அது வுழுந்தே கெடக்கட்டும். அத எழுதுனவங்க இன்னியோட வூட்டுக்குப் போலாம்."

"வேணாம் சார்." அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

"இப்ப பயம் வருதா?"

"எனக்கில்ல சார்."

அவன் கேட்கவில்லை. பிரித்துப் போட்டான். போர்டில் மூன்று விளக்கும் பச்சையாக நின்றன.

கரியாலூரிலிருந்து ஒரு போன் வந்தது. மரவள்ளி மூட்டைக்கு ஜீப் வேண்டுமாம். ஜீப் போனது. மூன்றும் பச்சை.

அடுத்து இரண்டு போன் ஒரே சமயத்தில் வந்தன.

ஒரு விளக்கு சிவந்தது.

இளஞ்செழியன் நாற்காலியோடு திரும்பினான். "அமிர்தம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பைய எடுத்துக்கினு கெளம்புங்க."

அமிர்தம் எழுந்தாள். சோற்று டப்பாவைப் பையில் வைத்தாள். வாசல் பக்கம் நடந்தாள்.

"செவந்திருக்கிற வெளக்குக்குக் கீழ இன்னா பேர் போட்டிருக்குன்னு படிச்சுட்டு அனுப்புங்க சார்," என்றாள் மணிமொழி.

படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தான்.

ஜீப்பைத் தேடுகிற ப்ரோகிராம். அவன் எழுதியது.

மேசைமேல் போன் அடித்தது. மலையில் யாரோ ஜீப்புக்காகக் காத்திருக்கிறார்கள். மணிமொழி அவனைக் கேட்கவில்லை. மூன்றையும் பழையபடி ஒரே டப்பாவில் போட்டு, மேஸ்திரியை உள்ளே விட்டாள். பச்சை வந்தது. போன் நின்றது.

"இது எப்பலேர்ந்து?" என்றான் இளஞ்செழியன்.

"மொதல் நாள்லேர்ந்து."

"திருத்தி இருக்கலாமே?"

"நான் எழுதுனதுல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"எங்கிட்ட சொல்லியாவது இருக்கலாமே மணிமொழி?"

"உங்க அப்பாவுக்குப் பால் தெளிச்சுட்டு, மொட்டைத் தலையோட நேரா இங்க வந்து ஒக்காந்து எழுதுனது சார் அது. அன்னிக்கே தப்பு தெரிஞ்சுது. மூஞ்சிக்கு நேரா சொல்லிடலாம்னுதான் நான் எழுந்தேன்."

மணிமொழி போய் அமிர்தத்தின் கையிலிருந்த பையை வாங்கி அவள் மேசைமேலேயே வைத்தாள்.

"'பாவம், வூட்ல அழ எடமில்லாம இங்க வந்து ஒக்காந்துகினு இருக்காரு. வுழுந்தா தூக்கி வுட ஒரு ஆளப் போட்டுட்டு வுடும்மா'ன்னு என் கையப் புடிச்சு ஒக்கார வச்சது இந்த அக்காதான் சார்."